உன் கல்யாணப் பத்திரிகையில் இருந்த ஒரு பெயர்

அன்பு மகனுக்கு,

முக்கூடல் தாத்தா காலமான செய்தியைப் போனில் சொன்னபோது, "நல்ல சாவுப்பா, தொண்ணூத்தேழு வயசு, கஷ்டப்படாமப் போயிட்டாங்க" என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். மஸ்கட்டிலிருந்து உடனே கிளம்பி வர முடியவில்லையே என்று வருத்தமும் பட்டாய். நானும் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. அது வாய் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போய்விட்டது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நான் ஒரு மணி நேரம் தட்டித் தட்டி எழுதியதற்கு நீ ஒரு கட்டைவிரலை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால்தான் கோடு போட்ட தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக இதை உன்னிடம் சொல்லச் சொல்லிக்கொண்டிருப்பவளே அவள்தான்.

உனக்குத் தெரிந்தது வெற்றிலைப் பையும் தடியுமாக வரும் ஒரு கிழவரை மட்டும்தான். எனக்கு அவர் ஒன்றுவிட்ட பெரியப்பா. சுடலைமுத்து என்று பெயர். முக்கூடல் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷத்துக்கு மேல் டைம்கீப்பராக இருந்தார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ஒரு நோட்டில் எழுதி, விசில் ஊதி அனுப்பி வைக்கிற வேலை. பெரிய உத்தியோகம் இல்லை. ஆனால் அந்த விசில் அவரிடம் இருந்ததால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய காரியம் என்றைக்காவது ஒரு நாள் அவர் தயவில் நின்றிருக்கிறது. பரீட்சைக்கு ஓடி வருகிற பிள்ளை, காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண், யாராவது தெரு முனையில் தலை காட்டிவிட்டால் விசில் வாய்க்குப் போகாது. டிரைவர் ஹாரனை அடித்துக் கத்துவார். "ரெண்டு நிமிஷம் பொறும்வே. ஒம்ம வண்டி என்ன ஆகாசத்துலயா பறக்கப் போகுது?" என்பார் பெரியப்பா. ஆனால் ரெண்டு நிமிஷம் என்றால் ரெண்டு நிமிஷம்தான். அதற்கு மேல் சொந்தத் தம்பி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் ஊதிவிடுவார்.

நீ இந்த உலகத்துக்கு வந்ததும் அவர் சொல்லித்தான். உன் அம்மா முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக் காலேஜுக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்தவள். எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அவர் நேரே எங்கள் அப்பாவிடம் வந்து, "மூணு வருஷமாப் பாக்கேன், அந்தப் பிள்ளை ஒரு நாள் கூட ஓடி வந்து வண்டி ஏறினதில்ல. நேரத்துக்கு வாற பிள்ளை. நம்ம பய எட்டு மணிக்கு முன்ன எந்திரிக்க மாட்டான். பொருத்தம் சரியா இருக்கும்" என்றாராம். ஜாதகம் பார்த்தது எல்லாம் அதற்கப்புறம்தான். இவ்வளவு செய்தவருக்கு நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

உன் கல்யாணப் பத்திரிகை உனக்கு மறந்திருக்காது. முதலில் அடித்த பத்திரிகையில் மேலே, காலமான பெரியவர்கள் பெயரை வரிசையாகப் போட்டு அவர்கள் ஆசியுடன் என்று எழுதுவோமே, அந்த வரிசையில் என் அப்பா அம்மா பெயருக்குக் கீழே "தெய்வத்திரு சுடலைமுத்து" என்று அச்சாகியிருந்தது. தாத்தா அப்போது எண்பத்தாறு வயதில், முக்கூடலில், தினம் இரண்டு வேளை நடை போய்க்கொண்டிருந்தார். பிரஸ்காரன் தப்பு என்று உனக்குச் சொன்னேன். முருகன்குறிச்சியில் சின்னதாகப் பிரஸ் வைத்திருந்த பால்ராஜ்தான் அடித்தவன். நீ பைக்கை எடுத்துக்கொண்டு போய் அவன் கடையில் ஆட்கள் இருக்கும்போதே, "குடிச்சிட்டா அச்சடிக்கே?" என்று சத்தம் போட்டாய். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளே புதிதாக அடித்துத் தானே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். மகனே, அது பால்ராஜ் செய்த தப்பு இல்லை. அப்படி எழுதிக் கொடுத்தது நான்தான். கை தவறி எழுதவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

எப்படி நினைத்தேன் என்று கேட்பாய். கேட்டால் சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஆபீஸ் வேலையாகப் பாபநாசம் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முக்கூடல் ஸ்டாண்டில் வண்டி நின்றது. பழைய டைம்கீப்பர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். மழையில் நனைந்து படம் பாதி கிழிந்துபோயிருந்தது. சுடலைமுத்து என்ற பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் தெரிந்தது. அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு சுடலைமுத்து காலில்தான் விழ வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்களே, அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்து தேதியைப் பார்த்தேன். பதினாறு நாள் காரியமும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அங்கேயே இறங்கியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் இறங்கவில்லை. நம் பக்கத்து மனுஷர்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள். துஷ்டி கேட்கப் போகாதவனை, அதுவும் பெரியப்பா வீட்டுச் சாவுக்கு வராதவனை, பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பியதும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நெருங்கிய சொந்தம், எனக்கு ஒரு ஆள் சொல்லிவிடவில்லையே, ஒரு போன் போடவில்லையே, நான் என்ன அவ்வளவு வேண்டாதவனா என்று. ஆற்றுப் பாலம் வருவதற்குள் தப்பெல்லாம் அவர்கள் பக்கம் போய், நான் கோபித்துக்கொள்ள உரிமை உள்ளவன் ஆகிவிட்டேன். ஏன் சொல்லிவிடவில்லை? மனுஷன் உயிரோடு இருந்தால் எப்படிச் சொல்லிவிடுவார்கள்! அது மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். அங்கே போனதும், ஏன் வரவில்லை என்று அவளைக் கேட்பார்கள். அதனால் ஒரு பொய் சொன்னேன். பெரியப்பா தவறிப்போய்விட்டார், நான் வழியில் இறங்கித் துஷ்டி கேட்டுவிட்டேன், பெரியம்மாவை மகள் கூடங்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், வீடு பூட்டிக் கிடக்கிறது, நீ போக வேண்டியதில்லை என்றேன். பொய் உறுதியாக இருக்கட்டும் என்று பின்வாசலுக்குப் போய் நாலு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுதது நிஜம். அதைப் பார்த்ததும் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அதுவும் நிஜம்தான். பிறகு இரண்டு வருஷம் நான் முக்கூடல் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. உன் அம்மா வீட்டார் எப்போதோ அந்த ஊரை விட்டு வந்துவிட்டதால் அவளுக்கும் அங்கே போக வேலை இருக்கவில்லை, சேதி வரவும் வழியில்லை. கோபத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு வெட்கத்தை மூடி வைத்திருந்தேன். நீ ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு நான் எதையும் சொல்லவில்லை. பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது, அவர் செய்ததற்கு நன்றியாக முதல் வரிசையில் பெயரையாவது போடுவோம் என்றுதான் அவரை எழுதினேன். அம்மாவும் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, அவுக பேரு இருக்கணும்" என்றாள்.

பத்திரிகை வைக்கத் தொடங்கி நாலாம் நாள் காலையில் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. அம்மா போய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் போட்ட கூச்சலில் நான் சவரம் செய்துகொண்டிருந்த முகத்தை வெட்டிக்கொண்டேன். வாசலில் முக்கூடல் பெரியப்பா, வேறு யார் வீட்டுக்கோ நாங்கள் வைத்த உன் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். "பயப்படாதம்மா, உசுரோடதான் வந்திருக்கேன். ஏழரை வண்டில வந்தேன். குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார். நீ அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாய். அவர் பத்திரிகையை என் பக்கம் நீட்டினார். உன் முகத்தைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். பாதி நுரையும் பாதி ரத்தமுமாக நின்றுகொண்டு, "பிரஸ்காரன் தப்புப் பண்ணிட்டான் பெரியப்பா" என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "அதை விடுலே. எங்க வீட்டுக்கு ஒரு பத்திரிகை வைக்கலையே, அதை வாங்கத்தான் வந்தேன்" என்றார். நீ பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாய்.

நீ போன பிறகு உன் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "சாவு வீட்டுக்குப் போனியளே, அங்கன யாரைப் பாத்து அழுதிய?" என்று மட்டும் கேட்டாள். போஸ்டர் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். கல்யாண நேரத்தில் வேண்டாம் என்று அவள் அதை வெளியே விடவில்லை. பெண் வீட்டார் அபசகுனம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். தாத்தா மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "பத்திரிகையில எனக்கு மேல போக டிக்கெட் போட்டுட்டானுவ, நான்தான் வண்டில எடமில்லைன்னு வந்துட்டேன்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். முதல் பந்தியில் சாப்பிட்டார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். உன் மாமனார் அவர் காலில் விழுந்து எழுந்தார்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் நான் முக்கூடல் போனேன். பழமும் காராசேவும் வாங்கிக்கொண்டு போவேன், ஊர்க்கதை பேசுவேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். திரும்பும்போது அவர் வயதை நினைத்துப் பயப்படுவேன். சொல்லாமலே அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? அந்தப் பயம் பதினோரு வருஷம் என்னோடு பஸ்ஸில் போய் வந்தது. உனக்கு நான் எத்தனையோ தடவை நேர்மையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் அடுப்படியில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்படும்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் என்று கூடங்குளத்து மகள் போன் செய்தாள். அன்றைக்கே போனேன். கட்டிலில் படுத்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. "எந்த வண்டிலலே வந்தே?" என்றார். பத்தேகால் வண்டி என்றேன். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டு, "பத்து நிமிஷம் லேட்டு" என்றார். இனி தாங்காது என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பெரியப்பா, ஒங்க பேரை அந்த வரிசையில போட்டது பிரஸ்காரன் இல்ல. நான்தான்" என்று ஆரம்பித்து, போஸ்டர், பொய், நாலு வாளித் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்லே" என்றார்.

எப்படித் தெரியும் என்பதையும் அவரே சொன்னார். "அச்சுல ஒரு பேரு விட்டுப்போகும், ஒத்துக்கிடுதேன். இருக்கவனைத் தூக்கிச் செத்தவன் வரிசையில உக்கார வைக்க அந்த மிஷினுக்கு என் மேல என்ன பகை? அதுவுமில்லாம, நான் இருக்கேன்னு நெனச்சிருந்தா எனக்குத்தான மொதப் பத்திரிகை கொண்டு வந்திருப்ப. நீ வரல. அப்பவே தெரிஞ்சுட்டு." அப்புறம் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். "நீயே சொல்லுவன்னு பாத்தேன். ரெண்டு நிமிஷம் பொறுப்போம்னு இருந்தேன். நீ பதினோரு வருஷம் ஆக்கிட்ட" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். "சரி, பால்ராஜ்கிட்ட சொல்லிட்டியா?"

அப்போதுதான் மகள் சொன்னாள். உன் கல்யாணத்துக்குப் பிறகு முக்கூடலில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், பத்திரிகையைப் பால்ராஜிடம்தான் அடிக்க வேண்டும் என்று இவர் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாராம். "ஆளைக் கொல்லுத பிரஸ்" என்று ஊரில் கேலி கிளம்பி அவனுக்கு வேலை குறைந்துபோன சமயம் அது. நான் செய்ததை அவர் பதினோரு வருஷமாக ஒவ்வொரு கல்யாணமாகச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அந்தக் கேலி நடந்ததே தெரியாது. விசாரித்தால்தானே தெரியும்?

மறுநாள் காலையிலேயே முருகன்குறிச்சிக்குப் போனேன். பால்ராஜ் இப்போது கம்ப்யூட்டர், பேனர் என்று பெரிதாக வைத்திருக்கிறான், தலை நரைத்துவிட்டது. சொன்னேன். அவன் எழுந்து போய், கீழ் டிராயரிலிருந்து ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நான் எழுதிக் கொடுத்த தாள். தெய்வத்திரு என்பதற்குக் கீழே நானே ஒரு கோடு வேறு போட்டிருக்கிறேன். "சண்டை வந்தாக் காட்டணும்னு எல்லா வீட்டு எழுத்தையும் கொஞ்ச நாள் வச்சிருப்பேன் அண்ணாச்சி, இது மட்டும் அப்படியே கெடந்துட்டு" என்றான். அப்படியானால் என் மகன் வந்து சத்தம் போட்டபோது ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "கையில எடுத்துட்டேன். எடுத்துட்டு தம்பி முகத்தைப் பாத்தேன். பத்து நாள்ல தாலி கட்டப் போற பிள்ளை. அப்பா பொய் சொல்லிட்டாருன்னு அந்த நேரத்துல அதுக்குத் தெரியணுமான்னு இருந்துச்சு. திரும்ப உள்ள வச்சிட்டேன்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "காப்பி சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றான்.

பிரஸ் வாசலில் நின்றே பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன் என்றேன். "பய என்ன சொன்னான்?" என்றார். பால்ராஜையா கேட்கிறீர்கள் என்றேன். "ஒம் மவனைக் கேக்கேன்லே." அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்றதும், "அப்ப என்கிட்ட என்ன பேச்சு? போனை வச்சிட்டு அவனுக்குப் போடு" என்று வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில், காப்பி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது, ஐந்தரை வரைக்கும் எடுக்க முடியவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மணப்பாட்டிலிருந்து ஒரு மீனவக் குடும்பமே வேன் பிடித்து வந்திருந்தது. கல்லூரி முடித்த காலத்தில் அவர் நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி இன்டர்வியூவுக்குப் போன ஒரு அம்மாள், இப்போது ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், மாலையோடு நின்றாள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தங்களுடைய ரெண்டு நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால்ராஜும் வந்திருந்தான், என் பக்கத்தில்தான் நின்றான். ஆற்றங்கரைக்கு நடந்து போகும்போது எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நல்ல மனுஷரை நல்லபடியாக அனுப்பிவைக்கிறோம், அவரிடம் மறைத்தது எதுவும் என்னிடம் இல்லை என்ற நிம்மதி.

தப்பே செய்யாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு துஷ்டிக்குப் போகத் தவறினால், நாள் கடந்துவிட்டது என்று நினைக்காமல் போ. அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். திட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தப்பித்துக்கொண்டால்தான் ஒரு மனுஷனையே உயிரோடு இழக்க வேண்டி வரும். நான் அவரை இரண்டு வருஷம் அப்படி இழந்தேன். பிறகு கிடைத்த பதினோரு வருஷமும் அவராக ஏழரை வண்டி ஏறி வந்து கொடுத்தது.

இதை எழுதி முடிக்கிறபோது நன்றாகப் பசிக்கிறது. அம்மா தோசைக்கல்லைப் போட்டுவிட்டாள், பாத்திரச் சத்தம் இன்றைக்கு மெதுவாகத்தான் கேட்கிறது. பால்ராஜின் நம்பரை அவள் உனக்கு அனுப்புவாள். அவனிடம் நீ பேச வேண்டும். அவன் பதினோரு வருஷம் உன்னிடம் காட்டாமல் வைத்திருந்த தாளைக் கேட்டு வாங்கி வந்து, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். கையெழுத்து யாருடையது என்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவிட்டுக் கோபப்பட வேண்டும் என்றால், இந்தத் தடவை சரியான ஆளிடம் கோபப்படு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அப்பா